பொறியியல் முதுமாணிப் படிப்பு: போவதா, வேண்டாமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்கத் தொடங்கிய பின்னர், பரந்தனிலிருந்து மாங்குளம் வரை எந்த ஊரை எடுத்தாலும் பொறியியல் படித்த, அல்லது படித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையாவது அங்கே இருக்கிறது. இறுதியாண்டு முடிகிற நேரத்தில் அந்தப் பிள்ளையும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. நான் இங்கே குடிசார் பொறியியலாளராக வேலை செய்பவன். நான்கு ஆண்டுகள் வேலை செய்த பின்னர் பாங்கொக்குக்கு அருகிலுள்ள ஆசியத் தொழில்நுட்ப நிறுவகத்தில் நீர்வளப் பொறியியலில் முதுமாணி படித்துவிட்டுத் திரும்பி வந்தவன். என்னிடம் நேரில் கேட்கப்பட்டவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தொகைகளும் விசா விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் அவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: படிக்கலாமா, வேண்டாமா?

இன்று உங்களுக்குப் பூட்டியிருக்கும் படலை எது என்றும், முதுமாணிப் பட்டம் அதைத் திறக்கும் என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்றும் உங்களால் காட்ட முடிந்தால் படிக்கலாம். வேலை கிடைக்கவில்லை, கூடப் படித்தவர்கள் எல்லாரும் போகிறார்கள், வீட்டில் இருந்தால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கிறது என்பவை மட்டுமே காரணங்களாக இருந்தால் ஓராண்டு பொறுப்பது நல்லது.

எந்தெந்த இடங்களில் முதுமாணி இல்லாமல் முடியவே முடியாது?

பல்கலைக்கழக விரிவுரையாளர் வேலை முதலாவது. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்வதற்கு நல்ல வகுப்புச் சித்தி போதுமாயிருந்தாலும், நிரந்தரமாகி மேலே போவதற்கு ஆய்வுக்கூறு உள்ள பட்டப்பின் பட்டம் வேண்டும். வெறும் பாடநெறியாகப் படித்த முதுமாணி அங்கே உதவாது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டத்திலும், 30 திறமைப் புள்ளிகள் கொண்ட பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வோடு சேர்ந்த 60 புள்ளி முதுமாணி 10ஆம் மட்டத்திலும் இருக்கின்றன. இரண்டையும் ஊரில் ‘மாஸ்டர்ஸ்’ என்றே சொல்கிறோம். ஆனால் 9 எடுத்தவர் விரிவுரையாளர் வேலைக்குப் போய் நின்று, தம்மிடம் இருப்பது வேறு சரக்கு என்று அங்கே அறிந்துகொண்ட கதைகள் உண்டு.

இரண்டாவது, ஆலோசனை நிறுவனங்களின் வேலை. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகியவற்றின் கடனில் நடக்கும் திட்டங்களுக்கு ஆலோசகர்களைத் தெரிவுசெய்யும்போது, முன்மொழிவில் பெயரிடப்பட்டிருக்கும் முக்கிய நிபுணர்களின் கல்வித் தகுதிக்கும் அனுபவத்துக்கும் தனித்தனியாகப் புள்ளி இடுவார்கள். அங்கே முதுமாணி இருப்பவரின் தகவற்கோவை கூடுதல் புள்ளி எடுக்கிறது என்பதால் நிறுவனமே அப்படிப்பட்டவரைத் தேடுகிறது. நான் திரும்பி வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை இந்த வழியால் வந்ததுதான். என்னை நேர்முகம் கண்டவர் என் ஆய்வைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. பட்டச் சான்றிதழின் பிரதியை மட்டும் அன்றைக்கே அனுப்பச் சொன்னார்.

மூன்றாவது, இளமாணிப் படிப்பில் மேலோட்டமாக மட்டும் தொட்டுவிட்டுப் போகும் துறைகள். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டமைப்பு, மண்ணியக்கவியலின் ஆழமான பகுதிகள், வெள்ள மாதிரியமைப்பு, மின்வலையமைப்பில் காற்று மின்னையும் சூரிய மின்னையும் இணைப்பது போன்றவற்றைத் தனியே இருந்து படிப்பது முடியாத காரியமல்ல, ஆனால் கடினம். பிழை விட்டால் திருத்துவதற்குப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

அரச திணைக்களத்தில் வேலை கிடைத்துவிட்டது. பதவி உயர்வுக்கு முதுமாணி வேண்டுமா?

உங்கள் சேவைக்குரிய சேவைப் பிரமாணக் குறிப்பையோ, சபை அல்லது அதிகார சபை என்றால் ஆட்சேர்ப்புத் திட்டத்தையோ தாபனக் கிளையில் கேட்டு வாங்கிச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். மூத்தவர்கள் வாயால் சொல்வது பெரும்பாலும் அவர்கள் காலத்து விதியாக இருக்கும்.

முதுமாணி படிப்பதா, பட்டயப் பொறியியலாளர் ஆவதா?

இலங்கையில் இருந்து வேலை செய்யப் போகிறவருக்குப் பட்டயப் பொறியியலாளர் தகுதியே முதல் இலக்காக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் தகுதியை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வழங்குகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட பட்டம், மேற்பார்வையோடு கூடிய பயிற்சி, பொறுப்போடு செய்த வேலை, இறுதியில் மூத்த பொறியியலாளர்களின் முன் நடக்கும் தொழில்சார் மீளாய்வு என்று படிப்படியாகப் போகும் பாதை அது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியற் பேரவைச் சட்டத்தின் பின்னர் தொழில் செய்வதற்கான பதிவும் இருக்கிறது. ஒப்பமிடும் அதிகாரம் பற்றிய பேச்சு வந்தால் சுவரில் மாட்டியிருக்கும் முதுமாணிச் சான்றிதழைப் பார்த்து எவரும் வரைபடத்தை நீட்டுவதில்லை.

இதோடு தொடர்புடைய இன்னொரு விடயம் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. உங்கள் பாடநெறியும் நீங்கள் பட்டம் பெற்ற ஆண்டும் அங்கீகாரப் பட்டியலில் இருந்தால், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற உறுப்பு நாடுகளில் உங்கள் நான்காண்டுப் பட்டம் அந்நாட்டுப் பொறியியற் பட்டத்துக்கு நிகராக மதிப்பிடப்படுவதற்கு வழி இருக்கிறது. எனவே நோக்கம் குடிபெயர்வது மட்டும் என்றால், மூன்று நான்கு ஆண்டு வேலை அனுபவத்தோடும் நல்ல ஆங்கிலப் புள்ளியோடும் திறனாளர் விசாவுக்கு நேரடியாக விண்ணப்பிப்பது, அங்கே பெருந்தொகை கட்டி முதுமாணி படிப்பதைவிட மிகவும் மலிவு. முகவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மாணவரைச் சேர்த்துக் கொடுத்தால்தான் பல்கலைக்கழகத்திடமிருந்து அவர்களுக்குத் தரகு கிடைக்கும்.

பட்டம் முடித்த கையோடு போவதா, சில காலம் வேலை செய்துவிட்டுப் போவதா?

விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ வரப் போகிறவர் உடனேயே போகலாம். மற்றவர்கள் இரண்டு, மூன்று ஆண்டுகள் வேலைத்தளத்தில் நின்றுவிட்டுப் போவதே நல்லது என்று நான் நினைக்கிறேன். அதற்கான காரணத்தை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில் ஒரு குளத்தின் வலதுகரை வாய்க்காலுக்குக் கொங்கிறீட் இடும் வேலையை மேற்பார்வை செய்தேன். நண்பகல் வெயில். கலவை இறுகுகிறது என்று, நான் மறுபக்கம் திரும்பிய நேரம் பார்த்துக் கலவை இயந்திரத்துக்குள் அரை வாளி தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டு அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர், கலவையின் இளக்கத்தைச் சோதிக்கும் 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பை நான் நிரப்பிக் குத்திக்கொண்டிருக்கும்போதே, “தம்பி, கூம்பைத் தூக்குறதுக்கு முதல் மிக்சர் வாயைப் பாருங்கோ” என்றார். இயந்திரத்தின் வாயில் வழிந்த கலவை நெய் பூசியது போல மினுங்கிக்கொண்டிருந்தது. கூம்பைத் தூக்கியதும் கலவை இட்டலி மா போலப் படுத்துவிட்டது. அந்தத் தொகுதியிலிருந்து எடுத்த 150 மில்லிமீற்றர் கனவடிவங்கள் 28ஆம் நாள் சோதனையில் தேறவில்லை. அந்தத் துண்டை உடைத்து மறுபடி இட்டோம்.

சில ஆண்டுகள் கழித்து, முதுமாணி வகுப்பில் நீர்–சீமெந்து விகிதத்துக்கும் பலத்துக்கும் இடையிலான வளைகோட்டைப் பேராசிரியர் வரைந்தபோது, பக்கத்திலிருந்த மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் பார்த்து எழுதினார்கள். எனக்கு அந்த அரை வாளித் தண்ணீரும் உடைத்துக் கொட்டிய கொங்கிறீட்டும் கண்முன் வந்தன. வேலைத்தளத்தில் நின்றுவிட்டுப் போகிறவர் எந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகிறார் என்று தெரிந்தே போகிறார். பாடத்தைத் தெரிவுசெய்வதும் அவருக்கு எளிது.

ஆனால் ஐந்து, ஆறு ஆண்டுகளைத் தாண்டவிட்டால் கல்யாணம், வீட்டுக்கடன், பிள்ளைகள் என்று கால் கட்டப்பட்டுவிடும். பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய விரிவுரையாளருக்கும் உங்கள் முகம் மறந்துவிடும்.

உண்மையில் எவ்வளவு செலவாகும்? கணக்கைக் காட்டுங்கள்.

கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்ப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. படிக்கும் காலத்தில் உழைக்காமல் விடும் சம்பளமும் செலவுதான். ஓர் எடுத்துக்காட்டுக்கு மாதம் 120,000 ரூபாய் உழைக்கும் ஒருவர் ஜேர்மனிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தற் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ வைப்பிலிட வேண்டும். ஒரு யூரோவை 350 ரூபாய் என்று எடுத்தால் அது 4,166,400 ரூபாய். அந்தப் பணம் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும் என்றாலும், வாடகையாகவும் காப்புறுதியாகவும் சாப்பாடாகவும் செலவழிந்துவிடும். விமானச் சீட்டு, விசா, பரீட்சைக் கட்டணம், குளிர் உடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து 45 இலட்சம் என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டுச் செலவைப் பகுதிநேர வேலையால் அவரே சமாளிக்கிறார் என்றும் கொள்வோம். இரண்டாண்டுச் சம்பள இழப்பு 28 இலட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 73 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய்.

இவர் ஊருக்குத் திரும்பி, பட்டத்தினால் மாதம் 30,000 ரூபாய் கூடுதலாக உழைக்கிறார் என்றால், இட்ட முதலை எடுப்பதற்கு 246 மாதங்கள், அதாவது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அங்கேயே வேலை எடுத்து மாதம் 500 யூரோ மிச்சம் பிடிக்கிறார் என்றால் 42 மாதங்களில் கணக்குத் தீர்ந்துவிடும். கைக்காசில் படிக்கும் வெளிநாட்டு முதுமாணி, அந்த நாட்டிலேயே சில ஆண்டுகளாவது வேலை செய்யும் எண்ணம் இருந்தால் மட்டுமே கணக்குக்கு ஒத்துவருகிறது. புலமைப்பரிசிலோடு போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு இழப்பு சம்பளம் மட்டும்தான்.

காணியை ஈடு வைத்துப் போகலாமா?

சென்ற ஆண்டு ஓர் அம்மா தம் மகனோடு என் வீட்டுக்கு வந்தார். பேச்சைத் தொடங்குவதற்கு முன்னரே, கையில் வைத்திருந்த புடைவைக்கடைப் பையிலிருந்து பொலித்தீன் உறை போட்ட காணி உறுதியை எடுத்து மேசையில் வைத்தார். 2009 இல் இடம்பெயர்ந்து போனபோது வயிற்றில் கட்டிக்கொண்டு போன உறுதி அது என்றார். மகன் பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணிக்கு அனுமதிக் கடிதம் எடுத்திருந்தார். எந்தப் பாடம் என்று கேட்டேன். பொறியியல் முகாமைத்துவம் என்றார். அது படித்தால் என்ன வேலை என்று கேட்டதற்கு, போனால் பார்க்கலாம் என்றார். அந்த உறுதியைத் திரும்பப் பைக்குள் வைக்கச் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பிள்ளைக்கு என்மேல் கோபம் இருக்கலாம்.

வன்னியில் பணம் புரட்டும் வழிகள் நமக்குத் தெரிந்தவைதான்: நகை அடகு, சீட்டு, வெளிநாட்டிலிருக்கும் மாமா, கடைசியில் வட்டிக்கு எடுப்பது. நூற்றுக்கு மூன்று வட்டி என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அது ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு. அப்படி 20 இலட்சம் எடுத்தால் மாதம் 60,000 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகும், முதல் அப்படியே இருக்கும். படிக்கிற பிள்ளை இந்தத் தொகையை அனுப்புவதற்காக அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு மேல் வேலை செய்யப் போய், பாடத்திலும் தவறி, விசாவையும் பழுதாக்கிக்கொள்ளும். மாமாவின் கடனுக்கு வட்டி இல்லை என்பார்கள். அதற்கு வேறு வகையான வட்டி உண்டு, அது ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அறவிடப்படும். குடியிருக்கும் காணியையும் விளையும் வயலையும் ஈடு வைத்து, கையில் வேலைத் திட்டம் ஒன்றும் இல்லாமல் போவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. நகையோடு நிற்கும் கடன் என்றால், பாடமும் நாடும் சரியாக இருக்கும்பட்சத்தில், யோசிக்கலாம்.

உள்நாட்டிலேயே வார இறுதியில் படிக்க முடியாதா?

முடியும். மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் வேலை செய்துகொண்டே படிக்கக்கூடிய பட்டப்பின் பாடநெறிகள் நீண்ட காலமாக நடக்கின்றன. சம்பளம் நிற்பதில்லை, கட்டணத்தையும் தவணையாகக் கட்டலாம். கொழும்பில் இருப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

நம்முடைய இடைஞ்சல் தூரம். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. கிளிநொச்சியிலிருந்து பேராதனைக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர், மொறட்டுவைக்கு அதற்கும் மேல். வெள்ளி வேலை முடிந்து இரவு பஸ் ஏறி, சனி அதிகாலை இறங்கி, முகம் கழுவி வகுப்பில் இருந்து, ஞாயிறு இரவு மறுபடி பஸ் ஏறித் திங்கள் காலை கச்சேரிக் கூட்டத்துக்கு வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். அப்படித் தொடங்கியவர்களில் பாடங்களை முடித்துவிட்டு ஆய்வறிக்கையை மட்டும் முடிக்காமல் விட்டவர்கள் பலர். சேர்வதற்கு முன்னர், இணையவழியில் நடக்கும் வகுப்புகள் எத்தனை, நேரில் போக வேண்டிய நாட்கள் எத்தனை என்று இணைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வுத் தலைப்பை உங்கள் சொந்த வேலைத்தளத்திலிருந்தே எடுத்தால் தரவு சேர்க்கும் அலைச்சல் பாதியாகக் குறையும்.

வெளிநாடு என்றால் எந்த நாடு?

ஜேர்மனியைப் பற்றி மேலே சொன்னேன். கட்டணம் இல்லை என்ற விதிக்கு விலக்குகள் உண்டு: பாடன்–வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ அறவிடுகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் அறவிடத் தொடங்கிவிட்டது. படித்து முடித்தபின் வேலை தேடுவதற்கு 18 மாத அனுமதி கிடைக்கும். ஆங்கிலத்தில் படிக்கலாம் என்றாலும், குடிசார் பொறியியலாளருக்கு ஜேர்மன் மொழி இல்லாமல் வேலை கிடைப்பது கடினம். வேலைத்தளத்தில் பேச்சு முழுவதும் அந்த மொழியில்தான். கணினி, மின் துறையினருக்கு ஓரளவு இளக்கம் உண்டு.

பிரித்தானியாவில் ஓராண்டில் முடிந்துவிடும் என்பதே கவர்ச்சி. அந்த ஓராண்டுக்குள் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் உழைத்து எடுக்க முடியாது. படிப்பின் பின்னரான அனுமதி இரண்டாண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. பாடநெறி முதுமாணிக்குப் போகிறவர்கள் 2024 ஜனவரி முதல் துணைவரையும் பிள்ளைகளையும் கூட்டிப் போக முடியாது. கைக்காசில் போவதற்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் கட்டணமும் கழிந்து உதவித்தொகையும் கிடைக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே நான்காண்டுப் பட்டத்தோடு நேரடியாகவே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், பண உதவி பெரும்பாலும் கலாநிதி மாணவருக்கே முதலில் போகிறது. ஆய்வில் உண்மையான விருப்பம் உள்ளவர் காசு கட்டி முதுமாணி படிப்பதைவிட அந்த வழியைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஆசியாவுக்குள் என்றால் நான் படித்த இடம் 1959 இல் தொடங்கப்பட்டது. இலங்கைப் பொறியியலாளர் தலைமுறைகள் அங்கே படித்திருக்கிறார்கள். சோறும் கறியும் கிடைக்கும், செலவு குறைவு. நீரியலுக்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரிலுள்ள ஐஎச்ஈ நிறுவகத்துக்கு உலகளவில் பெயர் உண்டு.

முழுப் புலமைப்பரிசில் கிடைக்கும் வாய்ப்பு எனக்கு இருக்கிறதா?

முதல் வகுப்பு இல்லாதவர்களும் எடுத்திருக்கிறார்கள். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் கட்டணம், விமானச் சீட்டு, மாதப்படி மூன்றையும் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் இணை முதுமாணிகளுக்குத் தெரிவானால் கட்டணம் நீங்கலாக மாதம் 1,400 யூரோ கிடைக்கும். இரண்டு, மூன்று நாடுகளில் மாறிமாறிப் படிக்க வேண்டும். பிரித்தானியாவின் செவனிங்குக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும். முடித்தபின் இரண்டாண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் விடும் பிழை விண்ணப்பக் கட்டுரையில் நேர்கிறது. போரில் பட்ட துன்பத்தை மூன்று பந்தி எழுதிவிட்டுப் படிப்பைப் பற்றி இரண்டு வரி எழுதுகிறார்கள். துன்பத்தை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஊரிலுள்ள ஒரு பிரச்சினையைப் பொறியியலாளர் பார்வையில் பார்த்து எழுதினால் தெரிவுக்குழு நின்று வாசிக்கும். பூநகரியில் கிணற்று நீர் உவராவது எப்படி என்பதை, எந்தக் கிணறு, எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்று எழுதிய ஒருவரின் கட்டுரையை நான் திருத்திக் கொடுத்தேன். அவர் இப்போது ஐரோப்பாவில் படிக்கிறார்.

எனக்கு இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுதான். விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், இடத்தைத் தெரிந்து விண்ணப்பிக்க வேண்டும். ஜேர்மனியில் நம் புள்ளியை அவர்களுடைய அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது: உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை உச்சத்துக்கும் சித்திப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 4.0, சித்தி 2.0 என்றால் சராசரி 3.0 எடுத்தவருக்கு 2.5 வரும். அவர்களுடைய அளவில் எண் குறையக் குறையத்தான் நல்லது. பல பாடநெறிகள் 2.5 ஐ எல்லையாக வைத்திருப்பதால், சராசரி 3.0 க்குக் கீழே எடுத்தவர்கள் எல்லை குறிப்பிடாத இடங்களைத் தேடுவது நல்லது.

நான் கணினிப் பொறியியல் படித்தேன். எனக்கும் இது பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. மென்பொருள் வேலைக்குச் செய்து காட்டிய வேலை பட்டத்தைவிட உரக்கப் பேசுகிறது. இயந்திரக் கற்றல் ஆய்வுக்கோ குறைகடத்தி வடிவமைப்புக்கோ போகிறீர்கள் என்றால் முதுமாணி வேண்டும்.

மகளைத் தனியாக அனுப்பலாமா? கல்யாணம் பிந்திவிடாதா?

இந்தக் கேள்வியைப் பெற்றோரே கேட்கிறார்கள்; பிள்ளைகள் கேட்பதில்லை. என் பதில் ஒன்றுதான்: மகன் என்றால் என்ன கணக்குப் போடுவீர்களோ அதே கணக்கைப் போடுங்கள். சீதனத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணத்தைப் படிப்புக்குக் கொடுக்கும் பெற்றோர் சிலரை இப்போது காண்கிறேன். அந்தப் பிள்ளைகளில் இருவர் தங்களுடைய தங்கைமாரின் படிப்பையும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். தங்குமிடம் பாதுகாப்பானதா என்ற கவலைக்குப் பல்கலைக்கழக விடுதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது தீர்வு. உறவினர் வீட்டில் தங்கவைப்பதற்காகவே ஒரு நகரத்தைத் தெரிவுசெய்து, அங்கே இல்லாத பாடத்தை விட்டுக்கொடுப்பது தீர்வு ஆகாது.

சம்பளத்தோடு கல்வி விடுமுறை தருகிறார்கள், பிணைமுறியில் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

திரும்பி வரும் எண்ணம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை; உள்ளவற்றில் மிக நல்ல ஏற்பாடு அதுதான். திரும்பாவிட்டால் நிறுவனம் முதலில் பிடிப்பது பிணையாளர்களை. என் சகபாடி ஒருவர், அறைத்தோழனுக்காகக் கையெழுத்து வைத்துவிட்டு, அவன் அங்கேயே தங்கிவிட்டதால் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். அவன் நல்லவன்தான், தொலைபேசியைத்தான் எடுப்பதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கையெழுத்து வைப்பதற்கு முன்னர், எத்தனை ஆண்டு சேவை, மீறினால் எவ்வளவு, வட்டி உண்டா என்ற மூன்றையும் வாசித்துப் பிணையாளருக்கும் சொல்லுங்கள்.

படித்துவிட்டுத் திரும்பி வந்தால் வன்னியில் அந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா?

வேலை இருக்கிறது, அதற்கேற்ற பதவிகள் குறைவு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டுதான் திரும்ப வேண்டும்.

வேலையைப் பாருங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று கிளிநொச்சி முழுவதும் பேசியது. அது மழைவீழ்ச்சியையும் நீர்வரத்தையும் முன்கூட்டிக் கணக்கிடும் முதுமாணி மட்டத்துப் பொறியியற் கேள்வி. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு விவசாயிகளிடமிருந்து எழுந்த எதிர்ப்பின் பின்னர், தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. மன்னாரில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாற் கொண்ட தம்பபவனி 2020 இல் தொடங்கியது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் போன்ற குளங்களின் வண்டல், கசிவு, பகிர்வு என்று எடுத்தால் ஒரு வாழ்நாளுக்குப் போதும்.

இவற்றில் பலவற்றுக்கு வடிவமைப்பு கொழும்பிலோ வெளிநாட்டிலோ நடந்து முடிந்துவிடுகிறது. இங்கே வருவது மேற்பார்வை. நீரியல் படித்துவிட்டு வந்த நானும் முதல் இரண்டாண்டுகள் பில் சரிபார்த்தேன். மாலை நேரத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஹெக்ராஸ் மென்பொருளில் நம் ஆறுகளின் வெள்ளப் பரப்பை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் அந்த வரைபடத்தைக் கொண்டுபோய்க் கூட்டமொன்றில் காட்டிய பிறகுதான், நான் என்ன படித்தேன் என்று என் அலுவலகமே கேட்டது. திரும்பி வருகிறவர் இப்படிச் சில காலம் காத்திருக்கத் தயாராக வர வேண்டும்.

முடிவெடுத்துவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது?

பெயரிலிருந்து. இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துப் பின்னர் பிரதி எடுத்தவர்கள் நம்மிடையே மிகப் பலர். அந்தப் பிரதியில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பட்டச் சான்றிதழில் தந்தையின் பெயர் சுருக்கப்பட்டு முதலெழுத்தாகவும், கடவுச்சீட்டில் அதே தந்தையின் பெயர் குடும்பப் பெயராகவும் வந்து நிற்கும். ஆங்கில எழுத்து ஒன்று கூடிக் குறைந்தாலும் வெளிநாட்டு அலுவலர் இருவர் என்றே நினைப்பார். எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு வேறுபாடு என்றால் சமாதான நீதவான் முன் முடிக்கும் சத்தியக் கடதாசி பல இடங்களில் போதும். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் திருத்த வேண்டும், அதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

அது நடந்துகொண்டிருக்கும்போதே பல்கலைக்கழகத்தில் பெறுபேற்று விவரத்துக்கு விண்ணப்பியுங்கள். மூன்று முத்திரையிட்ட பிரதிகள் எடுத்து வையுங்கள். ஐஈஎல்டிஎஸ் பெறுபேறு இரண்டாண்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் என்பதால் அதைக் கடைசியில் எழுதினால் போதும். பரிந்துரைக் கடிதம் கேட்கும் விரிவுரையாளருக்கு, நீங்கள் அவரிடம் எந்த ஆண்டு எந்தப் பாடம் படித்தீர்கள், எந்தச் செயற்றிட்டம் செய்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். இறுதி நாளுக்கு முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் “சேர், ஒரு லெட்டர்” என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் எப்படி வரும் என்பதை நானும் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன்: அதில் என் பெயர் சரியாக இருந்தது, பாடம் வேறொருவருடையது.